பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக் கை

பதுளை பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு மருந்துக்கடையில், கண்ணாடி அலுமாரியின் நடுத்தட்டில், அந்தக் கிரீம் இருக்கிறது. பச்சைப் பெட்டி. பெட்டியின் மேல் ஒரு கை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒரு கொழுந்தை விரல் நுனியில் பிடித்திருக்கும், பால் மாதிரி வெள்ளைக் கை. வாங்க வருகிறவர்கள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, தங்கள் கையையும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார்கள். பூசினால் இப்படி வெளுக்கும் என்று பெட்டியில் எங்கும் எழுதவில்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை.

அது என் தங்கையின் கை. கிரீம் பூசி வெளுத்ததல்ல, பிறக்கும்போதே அப்படி. தோலுக்கு நிறம் கொடுக்கும் பொருள் அவள் உடம்பில் கிடையாது. தலைமயிர் சோளக்குஞ்சம் மாதிரி இருக்கும். வெளிச்சத்தில் கண் கூசும், நாலு அடிக்கு அப்பால் எல்லாம் மங்கல். நாம் வெயிலில் நின்றால் கறுப்போம். அவள் கறுக்கமாட்டாள், வெந்துபோவாள். இந்த மலைநாட்டில் வெயிலுக்கு அவளைவிட அதிகமாகப் பயப்படவேண்டிய ஆள் இல்லை. அவளுடைய கையைத்தான் வெயிலுக்கு மருந்து என்று விற்கும் பெட்டியில் போட்டிருக்கிறார்கள்.

அவள் பிறந்தபோது, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் அம்மாவைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. கடைசி வெள்ளைக்காரத் துரை கப்பலேறிய காலத்தில் அம்மா பாவாடை கட்டிய சிறுமி. யோசித்தால் யாருக்கும் தெரியும், ஆனால் யோசித்தால் வம்பு பேச முடியாதே. தங்கைக்கு 'தொரசாணி' என்று பேர் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கரும்பலகை தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். நான் படித்துப் பதுளையில் விஞ்ஞான ஆசிரியர் ஆனேன். லயத்து வீட்டில் தொடர்ந்து இருக்கவேண்டுமென்றால் வீட்டிலிருந்து ஒருவர் தோட்டத்தில் பேர் பதியவேண்டும் என்பதால், அவள் கூடை தூக்கினாள். துரைசாணிகள் குடை பிடித்து நடந்த பாதையில் எங்கள் துரைசாணி கொழுந்து சுமந்தாள்.

தோட்டம் அப்புத்தளைக்கு மேலே இருக்கிறது. அதன் பேர் வேண்டாம், எந்தத் தோட்டத்துப் பேரைப் போட்டாலும் பொருந்தும்.

வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொள்ளலாமே என்று பதுளையில் இருக்கும் படித்தவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கொழுந்துக் கூடையின் கயிறு எங்கே மாட்டும் என்று இவர்களுக்குத் தெரியாது. தேயிலைப் பெட்டியில் அச்சடித்த படத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள், அந்தப் படத்திலாவது கவனித்திருக்கலாம். கயிறு உச்சந்தலையில்தான் மாட்டும். தலையில் துணியை மடித்து வைத்து, அதன்மேல் கயிற்றைப் போட்டு, முழுப் பாரத்தையும் கழுத்தால் இழுக்கவேண்டும். அந்தத் தலையில் விளிம்பு வைத்த தொப்பி எப்படி நிற்கும்? தங்கை ஆம்பிளைச் சட்டை போட்டு, கயிற்றுக்கு அடியில் ஒரு துவாயைப் போட்டு, இரண்டு காதையும் கழுத்தையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொள்வாள். கட்டினால் கங்காணி கூப்பிடுவது காதில் விழாது. அதற்கு வேறு ஏச்சு வாங்குவாள். வேர்வையில் துவாய் ஊறி நாறும். அவளுக்கு அந்தத் துவாயைப் பிடிக்கவே பிடிக்காது.

போன வருஷம் நான் அவளைப் பதுளைக்குக் கூட்டிவந்து தோல் டாக்டரிடம் காட்டினேன். அவர் முகத்தையும் கையையும் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார். இந்தத் தோலை வைத்துக்கொண்டு இவள் வெயிலில் வேலை செய்யவே கூடாது, செய்தால் ஒருநாள் புற்றில் போய் முடியும், நிழலில் வேலை கொடுக்கவேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். நிழலில் வேலை என்றால் ஸ்டோர். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அங்கே மேல்மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாடவைப்பார்கள். கூரை உண்டு, காற்று உண்டு, தூரப் பார்வை தேவையில்லை. அவளுக்கென்றே கட்டியது மாதிரி ஒரு இடம். அந்த இடத்துக்கு மாற்றச் சொல்லி, இப்போது தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்பதற்காகக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். அவளுடைய எதிர்காலம் முழுவதும் அந்த உறைக்குள்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து கிரீம் கம்பெனி வந்தது.

தேயிலைக் கொழுந்தின் சாற்றில் இருக்கும் ஏதோ ஒன்று, புறஊதாக் கதிரால் தோலின் செல்களான தோற்கலங்கள் சேதமாவதைக் குறைக்கிறது என்று ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்திருந்தார்கள். அதில் பொய் இல்லை. தட்டையான பிளாஸ்டிக் தட்டில் தோற்கலங்களை வளர்த்து, ஒரு தட்டில் சாற்றை விட்டு, ஒரு தட்டில் விடாமல், இரண்டையும் விளக்கின் கீழ் வைத்திருக்கிறார்கள். சாறு விட்ட தட்டில் குறைவான கலங்கள் செத்தன. நல்ல வேலை, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தட்டில் இருக்கும் கலம் கூடை சுமப்பதில்லை. அதற்கு வேர்ப்பதில்லை, துவாயால் முகத்தைத் துடைப்பதில்லை. தட்டிலிருந்து தோலுக்கு வர வெகுதூரம் நடக்கவேண்டும். கம்பெனி அந்தத் தூரத்தை ஒரே தாவாகத் தாவிவிட்டது.

எங்கள் தோட்டத்துக் கொழுந்தைத்தான் சாற்றுக்கு வாங்கினார்கள். அதனால் படம் பிடிக்கவும் அங்கேயே வந்தார்கள். அன்றைக்கு ஞாயிறு, நானும் போயிருந்தேன். வெயில் கிரீமுக்குப் படம் எடுக்க வந்த நாளில் முன்னால் நிற்கிற ஆள் தெரியாத பனிமூட்டம். கொழுந்து எடுப்பவர்களின் முகங்களில் மங்கு விழுந்திருப்பதால் அவை சரிவராதாம். இருபது வருஷம் வெயிலில் நின்ற முகத்தை வெயில் கிரீம் விளம்பரத்தில் காட்டமுடியாதுதான். ஆகவே கொழும்பிலிருந்து இரண்டு பெண்களை வான் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள் வெறுங்கூடையின் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் பெண்களை வரிசையாக நிறுத்தி, கோயிலில் விபூதி கொடுக்கிற மாதிரி ஆளுக்கு ஒரு விரல் கிரீம் கொடுத்தார்கள். வரிசையில் மூத்தவளான ஒரு பெண் அதை முகர்ந்து பார்த்து, இது அட்டைக் கடிக்கு உதவுமா என்று கேட்டாள். அன்றைக்குக் கேட்கப்பட்டதில் புத்தியுள்ள கேள்வி அது ஒன்றுதான்.

படம் பிடிக்கிறவன் அப்போதுதான் தங்கையைக் கண்டான். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். ஒரு கொழுந்தை உடைத்துக் கொடுத்து, அப்படிப் பிடி, இப்படிப் பிடி என்று அரைமணி நேரம் எடுத்தான். அவளுக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். பிறந்ததிலிருந்து கேலி செய்த நிறத்தை ஒருவன் அழகு என்று சொல்லிவிட்டான். நானும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

இதுவரைக்கும் மற்றவர்களைத்தான் ஏசினேன். இனி என் பங்கு.

கம்பெனியில் ஒரு மிஸ் இருந்தார். நான் விஞ்ஞான ஆசிரியர், மேடையில் நாலு வார்த்தை தமிழ் பேசுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெட்டிக்குள் வைக்கும் துண்டுத்தாளைத் தமிழில் எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். கேட்ட விதத்தில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். 'காலைப் பனியில் கண்விழிக்கும் கொழுந்து, உங்கள் தோலுக்குக் காவல் நிற்கும்' என்று தொடங்கினேன். எழுதிவிட்டு நானே சத்தமாக வாசித்து வாசித்துப் பார்த்தேன்.

தாளின் கடைசியில் எச்சரிக்கையாக இரண்டு வரி இருந்தது. இந்தப் பலன் ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களில் மட்டும் கண்டது, வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இது நிழலுக்கோ தொப்பிக்கோ ஈடாகாது என்று. அதையும் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன். ஒரு வாரம் கழித்து மிஸ் போன் எடுத்தார். சிங்களமும் இங்கிலீசும் போக மூலையில் மிஞ்சிய இடத்தில்தான் தமிழ் வருகிறது, தமிழ் நீளமாக இருக்கிறது, இரண்டு வரி வெட்டவேண்டும், எதை வெட்டலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்.

தமிழுக்கு எப்போதும் மூலைதானா என்று ஒரு சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. கொழுந்து கண்விழிக்கும் வரியை வெட்ட எனக்கு மனசு வரவில்லை. கடைசி இரண்டு வரியை எடுத்துவிடுங்கள் என்றேன். பாடசாலை இடைவேளையில், கையில் தேநீர்க் கோப்பையோடு, அரை நிமிஷத்தில் சொல்லி முடித்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

கிரீம் கடைக்கு வந்தது. தோட்டத்துக்கும் இலவசமாக ஒரு பெட்டி நிறைய வந்தது. அதே மாதத்தில்தான் தங்கை டாக்டர் கடிதத்தோடு ஆபிசுக்குப் போனாள். துரை கடிதத்தை வாசித்தாராம். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு டியூபை எடுத்துக் கொடுத்தாராம். கம்பெனி கொடுத்ததை எடுத்துத் தான் தருமம் பண்ணுவது, கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற வேலை. மறுநாள் காலைப் பெரட்டில், அதாவது வேலை பிரித்துக் கொடுப்பதற்காக எல்லோரையும் கூட்டி நிறுத்தும் இடத்தில், கங்காணியைக் கொண்டு துண்டுத்தாளைத் தமிழில் வாசிக்கவைத்தார். எழுதியது இந்தத் தோட்டத்துப் பிள்ளை, இப்போது பதுளையில் பெரிய மாஸ்டர் என்றும் சொல்லவைத்தார். வெயிலுக்குக் காவல் கையில் இருக்கும்போது ஸ்டோருக்கு மாறத் தேவையில்லை என்று அத்தோடு முடித்துவிட்டார்.

தங்கை இதைப் போனில் சொன்னாள். உடனே வருகிறேன் என்றேன். போகவில்லை. தவணைப் பரீட்சை, வினாத்தாள் திருத்தம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அந்த ஆபிசில் போய் நின்று, நான் எழுதியதை நம்பாதீர்கள் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. பதுளைக்கும் அப்புத்தளைக்கும் நடுவில் ஏதோ கடல் கிடக்கிற மாதிரி மூன்று மாதம் இழுத்தடித்தேன்.

நாலாவது மாதம் அவளே பதுளைக்கு வந்தாள். இடது காதின் மேல்மடிப்பில் ஒரு புண். காய்ந்து பொருக்குத் தட்டுகிறது, உரிந்து மறுபடி இரத்தம் வருகிறது, ஆறவே இல்லை என்றாள். தோல் டாக்டர் பார்த்தார், இந்தத் தடவை அவர் திட்டவில்லை. திட்டாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. காதின் விளிம்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும், புற்றுத்தான், ஆனால் பரவுவதற்கு முன்னமே எடுத்தாகிவிட்டது, இனி வெயிலில் நின்றால் அடுத்தது எங்கே வரும் என்று சொல்லமுடியாது என்றார், அதையே இரண்டாவது கடிதமாகவும் எழுதிக் கொடுத்தார். கட்டுப் போட்ட காதோடு அவள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காராமல் உள்பக்கமாக உட்கார்ந்துகொண்டாள். நானும் கூடவே ஏறினேன்.

ஆபிசில் அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, துரை மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி கொடுத்தார், தேநீர் வரவழைத்தார். முதலில், இந்தக் குளிரில் என்ன வெயில், வெயில் பார்க்கவேண்டுமென்றால் மொனராகலைக்குப் போகவேண்டும் என்று சிரித்தார். மலை உயர உயரப் புறஊதாக் கதிர் கூடும், பனிமூட்டம் அதை முழுசாகத் தடுக்காது, குளிர்வதால் சுடுவது தெரியாது, அதுதான் ஆபத்து என்று வகுப்பில் சொல்கிற மாதிரி சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு பெட்டியிலிருந்த தாளை எடுத்து இங்கிலீசின் கடைசி இரண்டு வரியைக் காட்டினேன். நிழலுக்கு ஈடாகாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறதே என்றேன்.

அவர் அதை வாசித்தார். தாளைத் திருப்பித் தமிழையும் பார்த்தார்.

"அப்ப தமிழ்ல ஏன் இல்ல, மாஸ்டர்?"

தங்கை என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆபிசில் அவளுக்கு நாற்காலி கொடுக்கவில்லை.

இங்கிலீசை முதலிலேயே அவர் வாசித்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவருக்கு வேண்டியது தமிழ்தான். அதில் தடை ஏதும் இல்லை, எழுதியவன் வேறு அவளுடைய கூடப்பிறந்தவன். அவர் கெட்டிக்காரர், ஆனால் அவருடைய கெட்டித்தனத்துக்குக் கத்தி தீட்டிக் கொடுத்தது நான்.

பெரட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியது, இப்போது தானே மாற்றிச் சொன்னால் நாளைக்கு ஆளாளுக்கு ஸ்டோர் கேட்பார்கள் என்றார். தாளில் விட்டுப்போனது உண்டு என்றால் எழுதியவரே பெரட்டில் வந்து சொல்லட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். வெள்ளைச் சட்டை போட்ட மாஸ்டர் அந்த இடத்தில் வந்து நிற்கமாட்டான் என்று அவர் கணக்குப் போட்டிருக்கவேண்டும். மூன்று மாதம் நானே அந்தக் கணக்கைச் சரியென்று காட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அன்றிரவு லயத்தில் தங்கி, காலையில் பெரட்டுக்குப் போனேன். என் அப்பாவும் அம்மாவும் ஆயுசு முழுவதும் குனிந்து நின்ற இடம். அங்கே நிற்கக்கூடாது என்றுதான் என்னைப் படிக்கவைத்தார்கள். நான் நின்று சொன்னேன். இந்தக் கிரீம் கெட்டதல்ல, ஆனால் இதைப் பூசிக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் நிற்கலாம் என்பது பொய். அப்படி இல்லை என்று சிங்களத்திலும் இங்கிலீசிலும் எழுதியிருக்கிறது. தமிழில் மட்டும் இல்லை. இடம் போதவில்லை என்று கேட்டபோது, அலங்கார வரியை வைத்துக்கொண்டு அந்த வரியை எடுக்கச் சொன்னது நான்தான் என்றேன்.

படம் பிடித்த அன்றைக்குக் கேள்வி கேட்ட அதே மூத்த பெண், கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

"அப்ப அட்டைக்கும் ஒதவாதுங்களா, சேர்?"

வரிசை முழுக்கச் சிரித்தது. கங்காணியும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு நல்ல செருப்படியாகத்தான் இருந்தது, வாங்கிக்கொண்டேன். துரை அந்த வாரமே தங்கையை ஸ்டோருக்கு மாற்றினார். இரக்கம் என்று யாரும் நினைக்கவேண்டாம். டாக்டரின் இரண்டாவது கடிதத்தில் புற்று வந்தே விட்டது என்று இருந்தது. அவள் கொழுந்து எடுக்கும் மலையில் விழுந்தால் பதில் சொல்லவேண்டியது அவர்தான்.

மிஸ்ஸுக்கும் போன் எடுத்தேன். மிகவும் வருத்தப்பட்டார். அடுத்த தடவை அச்சடித்தபோது தமிழ் மூலையில் அந்த இரண்டு வரியும் வந்துவிட்டது. இடத்துக்காக எழுத்தைச் சின்னதாக்கிவிட்டார்கள், பூதக்கண்ணாடி வைத்தால் வாசிக்கலாம். காலைப் பனியில் கண்விழிக்கும் கொழுந்தை மட்டும் யாரும் தொடவில்லை. அது பெரிய எழுத்தில் இன்னும் கண்விழித்துக்கொண்டிருக்கிறது. பெட்டியின் மேல் கையும் அப்படியே இருக்கிறது.

போன மாதம் அவளைப் பார்க்க ஸ்டோர் மாடிக்குப் போனேன். பச்சைக் கொழுந்தைக் கையால் உதறிப் பரப்பிக்கொண்டிருந்தாள். தலையில் துவாயும் இல்லை, கயிறும் இல்லை. காதின் விளிம்பில் எலி கடித்த ரொட்டி மாதிரி ஒரு வெட்டு. வெகுநாளாக மனதில் வைத்திருந்ததை அன்றைக்குச் சொன்னேன். துரை பிடிவாதமாக மலைக்கு அனுப்பியபோதே நான் ஓடிவந்திருக்கவேண்டும், பயந்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு என்றேன்.

அவள் கையை உதறிவிட்டு என் பக்கம் திரும்பினாள். கிட்டே வந்தால்தான் அவளுக்கு முகம் தெரியும் என்பதால், கிட்டே வந்தாள்.

"தொர அனுப்புனாருன்னு மட்டும் போகலண்ணே. பெரட்டுல வாசிச்சப்ப நானும் கேட்டேன்ல. கை என்னோடது, எழுத்து ஒங்களோடது. எங்கண்ணன் எழுதுனது தப்பா இருக்காதுன்னு நெனச்சேன். அதான் அன்னையிலேருந்து துவாயக் கட்டல."

கீழேயிருந்து அடுத்த கொழுந்துச் சாக்கு மேலே வந்தது. அவள் அதை அவிழ்க்கப் போய்விட்டாள்.